பெரியப்பா வீட்டில் ஹொய்சளர்

ஒரு ராச வம்சம் புலம்பெயர்ந்து வந்து, இந்தப் பனிநாட்டு லோறென்ஸ்கூக் நகரில் வீடு வாங்கினால் முதலில் என்ன செய்யும்? வரவேற்பறைச் சுவரில் தன் வம்சாவளியை மாட்டும். பெரியப்பா அதைத்தான் செய்தார். கணினியில் அவரே வரைந்த மரம். உச்சியில் ஒரு வாள் வேறு.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தங்கையான என் மாமி, தன்னோடு மருத்துவமனையில் வேலை செய்த ஒரு மன்னார்க்காரரைக் கட்ட விரும்பினார். "அவையின்ரை பூர்வீகம் என்னெண்டு ஆருக்குத் தெரியும்?" என்று பெரியப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். அவர் ஓம் சொல்லாமல் எங்கள் குடும்பத்தில் கலியாணப் பேச்சே எழாது.

எனக்குப் பத்து வயது. என் கவலை வேறு. தமிழ்ப் பள்ளியில் பேச்சுப்போட்டி வந்தது. தலைப்பு, ஏதாவது ஓர் அரச குலம். மாமிதான் புத்தகங்களைப் புரட்டி ஹொய்சளரைப் பற்றி எழுதித் தந்தார். பக்கத்து ஊரான புருசெத்தில் வளர்ந்த எனக்குப் பாதிச் சொற்கள் விளங்கவில்லை. அப்படியே பாடமாக்கினேன். இடையில் யாராவது மறித்தால் தொடக்கத்துக்கே போகவேண்டும். நடுவில் பிடித்துக்கொள்ள வராது.

போகிற வீட்டிலெல்லாம் பிள்ளையை எழுப்பிப் பேசவைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். அந்த ஞாயிறு பெரியப்பா வீட்டில், வடையும் தேநீரும் முடிந்ததும், என்னை எழுப்பினார்கள்.

"அவையோருக்கு வணக்கம். ஹொய்சளர் ஆதியில் மலைக்குடிகள். மலைத் தலைவர்களை வென்றவர்கள் என்றே தங்களை அழைத்தார்கள். நாடு பிடித்த பிறகுதான் சந்திர வம்சம் என்று கல்லில் எழுதுவித்தார்கள். சிம்மாசனம் முதலில் வந்தது. வம்சம் பிறகு வந்தது..."

"பொறு, பொறு! இதை ஆர் எழுதினது?"

ஐயோ, பெரியப்பா மறித்துவிட்டாரே! "அவையோருக்கு வணக்கம்" என்று மறுபடி தொடங்கினேன். மூன்று தரம் மறித்தார். மூன்று தரமும் மலைக்குடிகள் திரும்பி வந்தார்கள். கடைசியில் பெரியம்மா சிரித்தே விட்டார்.

"இஞ்சேருங்கோ, பிள்ளையை முடிக்க விடுங்கோவன். உந்த வாளை நீங்கள்தானே போன வருசம் கீறினனீங்கள்?"

பெரியப்பா சுவரைப் பார்த்தார். பிறகு மாமியைப் பார்த்தார். மாமி தலையைக் குனியவில்லை. பெரியப்பாதான் பார்வையைத் திருப்பிக்கொண்டு, "சரி, அந்தப் பெடியனை ஒருக்கா வரச்சொல்லு, கதைப்பம்" என்றார்.

போட்டியன்று நடுவர் இருமினார். நான் தொடக்கத்துக்குப் போனேன். நேரம் முடிந்து மணி அடித்தது. அழுதுகொண்டு இறங்கிய என்னை மாமி அணைத்துக் கொஞ்சு கொஞ்சென்று கொஞ்சினார். எனக்குச் சரியான கோபம். இத்தனை பாடுபட்டு எழுதியவருக்குத் துளி கவலையும் இல்லையே! அந்தப் பேச்சு போட்டிக்காகத்தான் எழுதப்பட்டது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.