ஆட்டான்னு ஒரு காகிதம்

எங்க மாவு மெஷினை மூடச் சொல்லி முனிசிபாலிட்டியிலேருந்து நோட்டீஸ் வந்தப்ப, அதை முதல்ல படிச்சவ நான்தான். வீட்டுல இங்கிலீஷ் தெரிஞ்சவ நான் ஒருத்தி. பம்பாய் ஃபோர்ட் ஏரியாவுல ஒரு கம்பெனியில டைப்பிஸ்ட். அந்தப் பெருமை அப்ப எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாவே இருந்துச்சு. நோட்டீஸ்ல 'ரைஸ் மில்'னு போட்டிருந்ததைப் பார்த்ததும் சுர்ருன்னு ஏறிச்சு எனக்கு. மில்லாம் மில்லு! பம்பாயில மில்லுன்னா என்னன்னு ஊருக்கே தெரியும். புகைக்கூண்டு இருக்கும், சங்கு ஊதும், ஷிஃப்டு ஷிஃப்டா ஆள் போவும் வரும். எங்ககிட்ட இருந்தது செம்பூர்ல ஒரு பழைய கட்டடத்தோட தரைத்தளத்துல ரெண்டு ரூம். முன் ரூம்ல ரெண்டு கிரைண்டர், பின் ரூம்ல அண்ணன், மதினி, நான். இதுல எங்கேருந்து வந்துச்சு மில்லு?

அண்ணன் குர்லாவுல ஒரு பட்டறையில லேத் ஓட்டிட்டு இருந்தவன். வலது கையில மூணு விரல் போச்சு, அதோட வேலையும் போச்சு. ஆறு மாசம் சுவரைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தான். மதினி யாரைக் கேட்டாங்க, எங்க புரட்டினாங்கன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. ஒருநாள் கோயம்புத்தூர்லேருந்து ரயில்ல கிரைண்டர் வந்து இறங்கிச்சு. அடுத்த வருஷம் இன்னொண்ணு.

காலையில ஆறு மணிக்கே தூக்குவாளியில ஊறவச்ச அரிசியும் உளுந்துமா பொம்பளைங்க வரிசையா நிப்பாங்க. கோவண்டியிலேருந்துகூட ரெண்டு பேர் பஸ் பிடிச்சு வருவாங்க. மதினி ஆளைப் பார்க்கவே மாட்டாங்க, வாளியைப் பார்த்தே இன்னார் வீட்டு அரிசின்னு சொல்லிடுவாங்க. உளுந்துல எப்பத் தண்ணி தெளிக்கணும், எப்ப கையை எடுக்கணும்னு அவங்களுக்குச் சத்தத்துலேயே தெரியும். ரெண்டாவதா வந்த கிரைண்டருக்கு ஒரு கால் குட்டை. ஓடும்போது தரையில டக்கு டக்குன்னு இடிக்கும். முதல் நாள்லேருந்தே அப்படித்தான். எங்க காதுக்கு அது பழகிப்போச்சு.

நோட்டீஸ்ல இருந்தது இதுதான். இது ஜனங்க குடியிருக்கிற ஏரியா, இங்க தொழிற்சாலை நடத்தக் கூடாது, முப்பது நாள்ல எடுத்துடணும். நான் படிச்சுச் சொன்னேன். அண்ணன் மறுநாளே வி.டி. ஸ்டேஷனுக்குப் போய் ரிசர்வேஷன் ஃபாரம் வாங்கிட்டு வந்தான். மூணு பேர் பேரையும் இடது கையால கோணல்மாணலா எழுதி சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சான். ஊருக்குப் போயிருவோம்னு அவன் சொல்லிட்டா அப்புறம் அதுல பேச்சே கிடையாது. மதினி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கல. ஊர்ல அவங்களுக்கு என்ன இருக்கு? நாத்து நடப் போகணும், இல்லைன்னா மச்சினமாருங்க வீட்டு அடுப்பைப் பார்க்கணும். எனக்கும் அதே கதிதான். வேலையை விடணும், அடுத்த ஆவணியில எவனையாவது கட்டிக்கணும். மெஷின் நின்னா எங்க மூணு பேருக்கும் பம்பாயும் நின்னுச்சு.

எங்க மேல புகார் எழுதிப் போட்டது யாருன்னு எனக்குச் சந்தேகமே இல்ல. எங்க தலைக்கு நேர் மேல குடியிருந்த மாடி மாமாதான். பாலக்காட்டுக்காரர். ஏதோ ஆபீஸ்ல பெரிய கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவர். அவரும் மாமியும் மட்டும்தான், பிள்ளைங்க கிடையாது. மாமியை நாங்க கீழ பார்த்தே ஒரு வருஷம் இருக்கும். நோட்டீஸ் வர்றதுக்கு முந்தின மாசம் அவர் ரெண்டு தடவை எங்க வாசல்ல வந்து நின்னதை நான் பார்த்தேன். உள்ள எட்டிப் பார்த்தார், ஒண்ணும் பேசாமத் திரும்பிப் போயிட்டார். வேவு பார்க்காருன்னு மதினிகிட்ட சொன்னேன். அப்புறம் படியில அவரைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போக ஆரம்பிச்சேன். வேணும்னே செருப்பைத் தரையில அடிச்சு நடப்பேன். நெனச்சா இப்ப வெக்கமா இருக்கு.

நோட்டீஸை எடுத்துக்கிட்டு முனிசிபாலிட்டி வார்டு ஆபீசுக்குப் போனேன், அங்க ஒரு கிளார்க் நல்ல மனுஷன். ஒரு பட்டியலை எடுத்துக் காமிச்சார். குடியிருக்கிற ஏரியாவுல எதெல்லாம் நடத்தலாம்னு அதுல இருக்கு. தையல் கடை உண்டு, இஸ்திரி உண்டு, கோதுமை அரைக்கிற சக்கி உண்டு. ஊறவச்ச அரிசியை ஆட்டிக் குடுக்கிறது மட்டும் அதுல இல்ல. அதை எழுதினவன் இட்லியே தின்னிருக்க மாட்டான்னு நான் தமிழ்ல முனகினேன். கமிட்டின்னு ஒண்ணு இருக்கு, விலக்கு குடுக்க அவங்களாலதான் முடியும், எழுதிப் போடும்மான்னார் அவர். ஆபீஸ்ல சாப்பாட்டு நேரத்துல உட்கார்ந்து ரெண்டு பக்கம் டைப் அடிச்சேன். அடிச்சு அடிச்சுத் திருத்தினேன். அவ்வளவு நல்ல இங்கிலீஷ் அதுக்கப்புறம் நான் எழுதினதே இல்ல.

கமிட்டி கூப்பிட்ட அன்னைக்கு மதினி பட்டுப் புடவை கட்டிக்கிட்டு வந்தாங்க. நீங்க வாயைத் திறக்காதீங்க, நான் பேசிக்கிடுதேன்னு பஸ்ஸுல போகும்போதே சொல்லி வச்சேன். பெரிய மேஜைக்கு அந்தப் பக்கம் நாலு ஆம்பளைங்க, ஒரு அம்மா. நான் எழுந்து என் இங்கிலீஷை அவிழ்த்துவிட்டேன். மாவு எப்படிப் புளிக்கும், அதனால யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லன்னு விலாவாரியா சொன்னேன். ஒருத்தர் வெளியே காக்கா பார்த்துக்கிட்டிருந்தார். இன்னொருத்தர் டீ வரலையேன்னு கதவைப் பார்த்தார். நடுவுல இருந்த பெரியவர் என் பேப்பரைத் தட்டி, இது மில்லுதானேன்னு கேட்டார். இல்ல சார், இது வேறன்னு நான் மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிச்சேன்.

அந்த அம்மாவுக்குப் பொறுமை போயிருச்சு. என்னைக் கையால உட்காரச் சொல்லிட்டு நேரா மதினியைப் பார்த்து இந்தியில கேட்டாங்க. "நீ என்ன அரைக்கிறே? ஆட்டா?"

மதினி முகம் அப்படியே மலர்ந்துச்சு. இத்தனை நேரத்துல அவங்களுக்குப் புரிஞ்ச முதல் வார்த்தை. "ஆங், ஆட்டத்தான் செய்யுதோம்! ஆட்டத்தான்!"ன்னு தலையை ஆட்டிச் சொன்னாங்க.

எங்க பக்கத்துல மாவு ஆட்டுறதுன்னுதான் சொல்லுவோம். இந்தியில ஆட்டான்னா கோதுமை மாவு. நாலு வருஷம் பம்பாயில இருந்தும் எங்க வீட்டுக்குள்ள சப்பாத்தி வந்ததில்ல, மளிகை வாங்குறது தமிழ்க் கடையில. மதினிக்கு அந்த இந்தி வார்த்தை எப்படித் தெரியும்? அந்த அம்மா பெரியவர் பக்கம் திரும்பி, ஆட்டா சக்கிதான், பட்டியல்லேயே இருக்கே, இதுக்கா நம்மளக் கூப்பிட்டாங்கன்னாங்க. பெரியவர் உடனே எழுதினார். இல்லம்மா, அது வேறன்னு சொல்ல வாயைத் திறந்தேன். சாமி படத்துக்குப் பக்கத்துல இருந்த ஃபாரம் ஞாபகம் வந்துச்சு. வாயை மூடிட்டேன்.

வெளியே வந்ததும் மதினி என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. என்ன சொன்னாவன்னு கேட்டாங்க. பாஸாயிருச்சு மதினின்னேன். வேற ஒண்ணும் சொல்லல. பத்து நாள்ல காகிதமும் வந்துச்சு. மராத்தியில சுத்தமா எழுதியிருந்தான், ஆட்டா சக்கி, கோதுமை. மதினி அதை ஃபிரேம் போட்டு மாட்டினாங்க. வாளியோட வர்ற ஒவ்வொருத்தர்கிட்டேயும் அதைக் காட்டுவாங்க. நான் அந்தச் சுவர்ப் பக்கமே போகமாட்டேன். தெருவுல எவனாவது ஃபைலோட நடந்தா நான் பின் ரூமுக்குள்ள போயிடுவேன். அண்ணன் மட்டும் ஃபாரத்தை எடுக்கல. இருக்கட்டும், பார்ப்போம்னுட்டான்.

பயந்த மாதிரியே ஒருநாள் ஃபைலோட ஒருத்தர் வந்தார். நான் அன்னைக்குப் பல்வலின்னு லீவு போட்டு வீட்டுல கிடந்தேன். மத்தியானம் பன்னெண்டரை இருக்கும். இன்ஸ்பெக்டர், மராத்திக்காரர், ரொம்ப மரியாதையா பேசினார். புகார் வந்த இடம், ஒரு தடவை நேர்ல பார்த்து ஃபைலை மூடணும்னார். கிரைண்டருக்குள்ள குனிஞ்சு பார்த்தார். வெள்ளை வெளேர்னு இட்லி மாவு சுத்திக்கிட்டு இருக்கு. ஃபிரேமைப் பார்த்தார், மறுபடியும் மாவைப் பார்த்தார். கோதுமை எங்கேன்னு கேட்டார்.

"ஏட்டி, கோதுமைய எதுக்குக் கேக்காரு?"ன்னாங்க மதினி.

இனிமே மறைக்க முடியாது. மதினிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். மதினி கை மாவோட அப்படியே நின்னாங்க. அவங்க கோவப்பட்டு நான் பார்த்ததில்ல. அன்னைக்கும் சத்தம் போடல.

"தெரிஞ்சுமா சும்மா இருந்த? நான் ஊரெல்லாம் அந்தக் காயிதத்தைக் காமிச்சேனே"ன்னாங்க. அதுக்கு நாலு அறை அறைஞ்சிருக்கலாம்.

இன்ஸ்பெக்டருக்கு நாங்க பேசினது ஒண்ணும் புரியல. ஃபைலைப் புரட்டி, புகார் குடுத்தவர் மாடியில இருக்கார், அவருக்குத் தமிழும் மராத்தியும் தெரியும்னு சொல்லி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். தீர்ந்துச்சு கதைன்னு நெனச்சேன். அண்ணன் சாமி படத்தைப் பார்த்துக்கிட்டு நின்னான்.

மாடி மாமா தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு இறங்கி வந்தார். எங்க யாரையும் பார்க்கல. ஃபிரேமுக்குப் பக்கத்துல போய்க் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படிச்சார். கமிட்டியில என்ன நடந்துச்சுன்னு மதினிகிட்ட கேட்டார். அந்த அம்மா ஆட்டவான்னு கேட்டாவ, ஆட்டத்தான் செய்யுதோம்னேன், நான் ஒரு பொய் சொல்லல சாமின்னாங்க மதினி. அப்புறம் இன்ஸ்பெக்டர்கிட்ட மராத்தியில நிதானமா சொன்னார். ஆபீஸ்ல பழகின மராத்தியை வச்சு எனக்குப் புரிஞ்சது இதுதான். இதுல ஆட்டான்னு எழுதியிருக்கிறது சரியாத்தான் இருக்கு. எங்க பாஷையில இந்த வேலைக்குப் பேரே ஆட்டுறதுதான். அவங்க கேட்டாங்க, இந்தப் பெண் உள்ளதைச் சொன்னா. யாரும் யாரையும் ஏமாத்தல.

இன்ஸ்பெக்டர் சிரிச்சுட்டார். அப்ப உங்க புகாருன்னு கேட்டார். அது சத்தத்தைப் பத்தினது, மத்தியானம் ஒண்ணுலேருந்து நாலு வரைக்கும் நிறுத்தினாப் போதும்னார் மாமா. இன்ஸ்பெக்டர் ஃபிரேமைக் கழட்டச் சொல்லி, கோதுமைங்கிறதை அடிச்சுட்டு, ஆட்டாவுக்கு முன்னால பேனாவால ஒரு வார்த்தை சேர்த்தார். 'ஓலா'. ஈரம்னு அர்த்தம். கீழ நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கமிட்டிக்கு நான் சொல்லிக்கிறேன்னு டீகூடக் குடிக்காமப் போயிட்டார்.

மதினி மாமா கால்ல விழப் போனாங்க. அவர் பதறிப் பின்னால நகர்ந்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. நீங்கதானே எழுதிப் போட்டீங்க, இப்ப ஏன் மாமா இப்படின்னு கேட்டுட்டேன்.

"மாமி ஒரு வருஷமாப் படுத்த படுக்கை. இந்த மெஷினுக்கு நேர் மேலதான் அவ கட்டில். மத்தியானத் தூக்கம் வேணும்னு டாக்டர் சொல்லிட்டார். ரெண்டு தரம் சொல்லலாம்னு வந்தேன். இவ கை ஓயாம வேலை பண்றதைப் பார்த்தேன், சொல்ல வரலை. சத்தம்னு எழுதினா எந்த ஆபீஸ்லேயும் திரும்பிப் பார்க்கமாட்டான். முப்பது வருஷம் ஆபீஸ்ல இருந்தவன், எனக்குத் தெரியாதா? அதனால மில்லுன்னு எழுதினேன்." துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டார். "உங்களை ஊருக்கு அனுப்பணும்னு எழுதலை. நான் மில்லுன்னேன், நீங்க ஆட்டான்னேள். சரியாப் போச்சு."

அதுக்கு மேல நிக்காம அவர் படியேறிப் போயிட்டார். நான் செருப்பை அடிச்சு அடிச்சு நடந்த அதே படி.

கடிகாரத்துல ஒண்ணு ஆகல, பத்து நிமிஷம் பாக்கி. மதினி கையைக்கூடக் கழுவாமப் போய் ரெண்டு சுவிட்சையும் அணைச்சாங்க. கல்லு சுத்திச் சுத்தி நின்னுச்சு. அந்த நேரத்துல வீட்டுல சத்தமில்லாம நாங்க இருந்ததே இல்ல. மேல கட்டில் கிரீச்னு ஒரு தடவை கேட்டுச்சு. அப்புறம் மாமியோட குரல், பக்கத்து ரூம்ல பேசுற மாதிரி.

"நின்னுடுத்தா?"

"நின்னுடுத்து. தூங்கு"ன்னார் மாமா.

தளம் அவ்வளவு மெல்லிசுன்னு அன்னைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். மதினி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. அண்ணன் சாமி படத்துக்குப் பக்கத்துல இருந்த ரிசர்வேஷன் ஃபாரத்தை எடுத்தான். நாலா, எட்டா, பதினாறா மடிச்சான். தரையில மண்டி போட்டு, ஒத்தைக் கையால தூக்க முடியாம, என்னைத் தூக்கச் சொன்னான். நான் கிரைண்டரை ஒரு பக்கமாச் சரிச்சுப் பிடிச்சேன். அந்தக் குட்டைக் காலுக்கு அடியில ஃபாரத்தைச் செருகிட்டு, ஆடுதான்னு கையால ஆட்டிப் பார்த்தான்.