பதினோரு முறை செத்தவர்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஒரு சட்டத்துக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அங்கே வேலை பார்த்த அவருக்கு முதல் மரணம் வாய்த்தது. கடுகளவு திருகாணி. மூச்சுக்காற்று பட்டாலே உருண்டு எங்காவது போய் ஒளிந்துகொள்ளும். அதனால் முடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வது அவர் வழக்கம். இருபது வருடத் தொழிலில் அது தானாகவே படிந்துவிட்டிருந்தது. ஒரு தொலைக்காட்சித் தொடரின் உதவி இயக்குநர், கதாநாயகிக்குக் கண்ணாடி வாங்க வந்தவர், தடுப்புக்கு அப்பால் நின்று கைக்கடிகாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஒரு நிமிஷம் பத்து செகண்டு. மூச்சே விடல நீங்க."

"அப்படியா? நான் கவனிக்கலயே."

"எங்களுக்கு ஒரு பிணம் வேணும். நேத்து வந்த ஆளு நாலு தடவை தும்மிட்டாரு. நாளைக்குக் காலையில வர முடியுமா?"

கல்லாவில் இருந்த முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, "போயிட்டு வாய்யா, இந்தக் காரணத்துக்கு லீவு கேட்ட முதல் ஆள் நீதான்" என்றார்.

அது ஒரு துப்பறியும் நகைச்சுவைத் தொடர். பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாள் துப்பறிவார். ரத்தத்தைக் கண்டால் சுருண்டு விழும் அவருடைய தம்பிதான் உதவியாளர். வாரம் ஒரு கொலை. நான்கு வருடம் ஓடிய அந்தத் தொடரில் கண்ணாடிக்கடைக்காரர் பதினோரு முறை செத்தார். ஒரு வாரம் குளியல் தொட்டியில், இன்னொரு வாரம் நூலகத்துப் புத்தக அலமாரிக்கு அடியில். ஒருமுறை கச்சேரி மேடைக்கு எதிரே முதல் வரிசையில், கைதட்டிய கோலத்திலேயே விறைத்துப்போனார். மீசையை மாற்றினார்கள், நரைக்கு மை தடவினார்கள், ஒருதடவை மொட்டைத் தலை ஒட்டினார்கள். படப்பிடிப்பில் அவருக்குப் 'பாடி அண்ணன்' என்றே பெயர்.

வீட்டில் இது எடுத்த எடுப்பில் செல்லுபடியாகவில்லை. அவர் மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் சொல்லித்தருபவர். எதிரே லாரி வந்தாலும் குரல் உயராதவர். முதல் மரணம் ஒளிபரப்பான மாலையில் கணவரை வெள்ளைத் துணியால் மூடியதைப் பார்த்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். கணவரும் பின்னாலேயே போனார்.

"நான் இங்கதானே நிக்கிறேன்."

"தெரியுது. இருந்தாலும் கொஞ்ச நேரம் பேசாம இருங்க."

இரண்டாவது மரணத்துக்கு மனைவி கூடவே உட்கார்ந்து பார்த்தார். ஐந்தாவதுக்கு வந்தபோது, "இந்த வாரம் யாரு உங்களைக் கொல்றாங்க?" என்று தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்கும் அளவுக்குப் பழகிவிட்டார்.

பிறகு ஒருநாள் தொடர் நின்றது. ஐந்து வருடம் ஓடிப்போனது. கண்ணாடிக்கடைக்காரர் லென்ஸ் தேய்த்தார், சட்டம் நிமிர்த்தினார், மகளைப் படிக்கவைத்து வேறு ஊருக்கு வேலைக்கு அனுப்பினார். பிணமாகக் கிடந்த நாட்களை அவரே பாதி மறந்திருந்த சமயத்தில் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அப்பா, உங்க தொடரை ஓடிடிக்குப் படமா எடுக்கப்போறாங்க. உங்களப் பத்தி நெட்ல ஒரு கூட்டமே சண்டை போட்டுக்கிட்டிருக்கு."

"என்னைப் பத்தியா? நான் என்ன பண்ணினேன்?"

"பதினோரு பிணமும் ஒரே ஆளுன்னு யாரோ கண்டுபிடிச்சுட்டாங்க. அந்த ஆளு இல்லாம படம் எடுத்தா பாக்கமாட்டோம்னு எழுதுறாங்க."

மறுவாரமே அழைப்பு வந்தது. அந்தப் பழைய உதவி இயக்குநர்தான் இப்போது இயக்குநர்.

"அண்ணா, ஒரு நல்ல சேதி. இந்தத் தடவை நீங்க சாகல. லிஃப்ட் ஓட்டுறவரு. சாட்சி. மூணு வரி வசனம் இருக்கு."

அவர் மூன்று வரியையும் ஒரு பழைய ரசீதின் பின்னால் எழுதிக்கொண்டார். மனைவிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பயிற்சிக் காரில் பக்கத்தில் உட்காரவைத்து, ஊரைச் சுற்றியபடியே வசனம் சொல்லிக்கொடுத்தார். 'அந்தம்மா ஏறும்போது கையில குடை இருந்துச்சு. இறங்கும்போது இல்ல. இத நான் யார்கிட்டயும் சொல்லல.' அவ்வளவுதான். சிவப்பு விளக்கில் ஒருமுறை, பச்சை விழுந்ததும் ஒருமுறை. காருக்குள் தண்ணீர் பட்ட பாடாகச் சொன்னார்.

படப்பிடிப்பில் கதை வேறாகிவிட்டது. விடுதியின் வரவேற்பறை போல அரங்கம் போட்டிருந்தார்கள். சீருடையில் தொப்பியோடு நின்றார். கேமரா ஓடத் தொடங்கியதும் அவர் நெஞ்சு, பழகிய வேலை வந்துவிட்டதென்று நினைத்து, மூச்சை நிறுத்திக்கொண்டது. மூச்சு இல்லாமல் எப்படிப் பேச்சு வரும்? வந்தபோதும் குடை முன்னால் வந்தது, அம்மாள் பின்னால் வந்தார். பதினான்கு முறை எடுத்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. அதுதான் அவரை இன்னும் வதைத்தது.

தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இயக்குநரிடம் போனார்.

"தம்பி, மன்னிச்சுக்கோங்க. இதுக்கு வேற ஆளப் போடுங்க. செத்துக் கிடக்கச் சொன்னா நாள்பூரா கிடப்பேன். நின்னு பேசுறது என்னால ஆகல."

இயக்குநர் நெற்றியைத் தேய்த்தார். துப்பறியும் அம்மாளாக நடிப்பவர், அதுவரை நாற்காலியில் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தவர், குவளையைக் கீழே வைத்தார்.

"இவருக்குப் பேச வராதுன்னு யாரு சொன்னது? அந்தப் படகு சீன்ல எனக்கு வசனம் மறந்துபோச்சு. நான் முழிக்கிறேன், கீழேருந்து பிணம் உதட்டை அசைக்காம அடுத்த வரியை எடுத்துக்கொடுக்குது. ஞாபகம் இருக்கா?"

கண்ணாடிக்கடைக்காரர் கூச்சத்தோடு சிரித்தார். "சும்மா கிடக்கும்போது கேக்கிறதத் தவிர வேற வேல இல்லையே மேடம். எல்லார் வசனமும் மனப்பாடம் ஆயிடும்."

"அப்ப இவரப் படுக்கவைங்க" என்றார் நடிகை இயக்குநரிடம்.

கதையாசிரியரைக் கூப்பிட்டார்கள். மூவரும் அரைமணி நேரம் கூடிப் பேசினார்கள். வரவேற்பறைக் காட்சி போய், விடுதியின் பெட்டிகள் வைக்கும் அறை வந்தது. அங்கே ஒரு மரப்பெஞ்சில் லிஃப்ட்காரர் அசதியில் கண்ணை மூடிக் கிடப்பார். துப்பறியும் அம்மாள் அவர் மேல் குனிந்து, செத்து ஆறு மணி நேரம் ஆகிறது, விஷம்தான், கொன்றவர் இடதுகைக்காரர் என்று அடுக்கிக்கொண்டே போவார். எல்லாம் சொல்லி முடித்ததும் பிணம், கண்ணைத் திறக்காமலே, அந்த மூன்று வரியையும் சொல்லும்.

பெஞ்சில் படுத்து முதுகு மரத்தைத் தொட்டதுமே அவருக்குச் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. கேமரா ஓடியது. நடிகையின் குரல் முகத்துக்கு நேர் மேலே, எப்போதும் கேட்கும் தூரத்தில் கேட்டது. அவர் முறை வந்ததும் வசனம் தண்ணீராக இறங்கியது. முதல் தடவையே சரியாக வந்துவிட்டது. உதவியாளர் தம்பியாக நடிப்பவர் மயங்கி விழவேண்டிய இடத்தில் சிரிப்பை அடக்கமுடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இயக்குநர் அதையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

படம் வெளியான ஞாயிற்றுக்கிழமை மகள் வந்திருந்தாள். கடையை மத்தியானமே பூட்டிவிட்டு முதலாளியும் வந்தார். மரப்பெஞ்சுக் காட்சி வந்தபோது முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிணம் பேசியதும் மகள் சோபாவில் துள்ளினாள். மனைவி மட்டும் சிரிக்காமல் ரிமோட்டை எடுத்து நிறுத்தினார்.

"என்னம்மா?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. இன்னொரு தடவை பாக்கணும்" என்று பின்னால் ஓட்டி, மூன்று வரியையும் மறுபடி கேட்டார். "கடைசி வரியை நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொல்லியிருக்கீங்க."

இரண்டு மாதம் கழித்து இயக்குநர் மறுபடி கூப்பிட்டார். படம் நன்றாகப் போனதாம், இரண்டாவதும் எடுக்கிறார்களாம். லிஃப்ட்காரரைப் பெரிய பாத்திரமாக்கலாமா என்று கேட்டார். கண்ணாடிக்கடைக்காரர் யோசிக்கவே இல்லை.

"வேணாம் தம்பி. ஒரு தடவை பேசியாச்சு, ஆசை தீந்துபோச்சு. அதுல என்னைக் கொன்னுடுங்க."

"எப்படிக் கொல்லட்டும்?"

அவர் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியிடம் கேட்டார். மனைவி கார்ச்சாவியைத் தேடியபடியே சொன்னார்: "எங்கயாவது மெத்தை போட்டுச் சாகவைக்கச் சொல்லுங்க. போன தடவை பெஞ்சுல படுத்துட்டு வந்து ஒரு வாரம் முதுகுவலின்னீங்க."