அந்தக் கேமராவைத் திருப்பியது யார்?

சென்ற ஆண்டு மழைக்காலம். திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தோம். பக்கவாதத்தில் அப்பா படுத்துவிட்டார். அம்மா மிளகாய் மண்டிக்கும், தங்கை காலேஜுக்கும், நான் ஆபீசுக்கும் போயாக வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான் என்பதால் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அப்பாவைப் போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று, தம்பானூர் கடையில் கேமரா வாங்கிக் கடைக்காரரையே வைத்து மாட்டும்படி அம்மாவிடம் சொன்னேன். ஆள் நடந்தால் தானாகத் திரும்புகிற வகை அல்ல அது. போனில் பொத்தானை அழுத்தினால்தான் திரும்பும்.

ஒரு நாள் தங்கை என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அண்ணே, நான் காலேஜ் விட்டு வந்து துணி மாத்துற நேரத்துக்கு அது கட்டிலை விட்டு என் பக்கம் திரும்புது. நீயா திருப்புற?"

"நான் இல்லை" என்றேன். கோபப்படவும் முடியவில்லை. போன் என் கையில்தானே இருந்தது. அதன்பின் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. வீட்டுக்குள்ளேயே அவள் மாற்றுத் துணியைச் சுருட்டிக்கொண்டு குளியலறைக்குப் போனாள்.

கடைசியில் விடுப்பு போட்டேன். அவள் வரும் நேரத்துக்கு என் போனை அணைத்து அவளிடமே கொடுத்துவிட்டு அடுப்படியில் நின்றேன். அவள் அறைக்குள் நடந்தாள். சற்று நேரத்தில் 'கிர்' என்று ஒரு சத்தம். கேமரா திரும்பியது. அணைந்த போனை நெஞ்சோடு பிடித்தபடி அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பயத்திலும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

கேமராவைக் கழற்றி எடுத்துக்கொண்டு அந்தத் தம்பானூர் கடைக்கு இருவரும் போனோம். வேறு யாரிடம் இது ஓடுகிறது என்று கேட்டதும், அன்று மாட்ட வந்த கடைக்காரர் சிரித்தார்.

"அம்மைக்குப் பட்டன் போன் அல்லே? ஓடிபி வரணுமே, அதான் கேமராவை என் நம்பர்ல போட்டு உங்களுக்கு ஷேர் பண்ணேன். மாத்த மறந்துபோச்சு."

"மறந்த ஆளு எதுக்குத் திருப்புனீங்க?" என்றாள் தங்கை.

"கை பட்டிருக்கும், மோளே."

"நான் வர்ற நேரம் பாத்தா கை படுது?"

அவர் சிரிப்பு நின்றது. அங்கிருந்து நேராகப் போலீசில் புகார் கொடுத்தோம். அவர் எதையெல்லாம் பார்த்தார், எதைச் சேமித்து வைத்தார் என்பது இன்றுவரை தெரியவில்லை. கடைத்தெருவில் யாராவது அவளை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம் வருகிறது. படித்த அண்ணன், அவனிடம் இதைக் கேட்கலாமா என்று அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தக் கண் இன்னும் எங்கள் வீட்டுக்குள் இருந்திருக்கும். என்னையே சந்தேகப்பட்டு என்னிடமே கேட்ட அவள் துணிச்சலுக்கு நான் என்றும் கடன்பட்டிருக்கிறேன்.