நான் தூக்காத சிவப்புக் கொடி

குன்னூருக்குப் பக்கத்தில் நான் சூப்பர்வைசராக இருக்கும் தேயிலை எஸ்டேட்டில் சினிமா படப்பிடிப்பு நடந்தது. கதாநாயகிக்குப் பதிலாக பைக் ஓட்ட வந்தவர் தேவகி. பல பந்தயங்களில் ஜெயித்தவர். பிறவியிலேயே காது கேட்காது. கொண்டை ஊசி வளைவில் என்னை நிறுத்தினார்கள்.

"குறுக்கால ஏதாச்சும் வந்தா செவப்புக் கொடியத் தூக்குங்க. அவங்க உங்களத்தான் பாத்துட்டு வருவாங்க" என்றார் ஸ்டண்ட் மாஸ்டர்.

மேலிருந்து பைக் சீறி வந்தது. அதே நேரம் இலை மூட்டைகளோடு ஒரு டிராக்டர், அவர் கண்ணில் படாதபடி வளைவுக்கு அப்பால், பக்கத்துப் பாதையிலிருந்து சாலைக்குள் நுழைந்தது. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினேன். டிராக்டர் நடுச்சாலையில் நின்றது. பைக் நிற்கவில்லை. கொடி என் கையில் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது.

டிராக்டரைக் கண்ட கடைசி நொடியில் தேவகி பைக்கைச் சாய்த்துத் தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தார். நான் ஓடினேன். முழங்கையில் ரத்தம் வழிய எழுந்து நின்றார்.

"ஏனுங்க, கொடி என்னாச்சு?" மாஸ்டர் கொதித்தார்.

"மறந்துட்டனுங்க. கத்திட்டேன்."

"வேற ஆளப் போடுங்கப்பா!"

எங்கள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்த தேவகி வேண்டாமென்று தலையசைத்தார். செல்போனில் ஏதோ தட்டி என்னிடம் நீட்டினார்: 'எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நீங்களே நில்லுங்க. இனிமே மறக்க மாட்டீங்க.'

மறுபடி நின்றேன். கொடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். அவர் வளைவைக் கடக்கும்வரை நான் இமைக்கவே இல்லை.

காது கேட்காததுதான் அவருக்கு ஆபத்து என்று காலையில் நினைத்திருந்தேன். அன்று அவருக்கு வந்த ஆபத்து நான்தான். அது தெரிந்தும் தன் உயிரை என்னிடமே ஒப்படைத்தார்.