கண்ணளவு

தையல்காரர் யாரையும் டேப் வைத்து அளந்ததில்லை. ஒரு பார்வை போதும். தத்தெடுக்கப்போகும் மகளுக்கும், காப்பகம் அனுப்பிய போட்டோவைப் பார்த்தே கவுன் தைத்து, விமானமேறி வந்திருந்தார். காப்பகத்தில் போட்டுப் பார்த்தால் முழங்காலுக்கு மேலே நின்றது.

"கண்ணளவுன்னு பீத்திக்கிட்டீங்களே! போட்டோ வந்து ஒன்றரை வருஷமாச்சு, பிள்ளை வளராதா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"வளரும்னுதான் நாலு விரல் துணி உள்ளே மடிச்சு விட்டிருக்கேன்," என்று முறைத்தபடி, விளிம்புத் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்துவிட்டார். அப்படியும் எட்டவில்லை. மனைவி பையிலிருந்து டேப்பை எடுத்து நீட்டினாள்.

வேறு வழியின்றி மண்டியிட்டார். காலையிலிருந்து யாரிடமும் ஒட்டாத குழந்தை, அவரைப் பார்த்து இரண்டு கைகளையும் உயர்த்தியது. மார்பளவு எடுக்கத்தான் கையைத் தூக்குகிறது என்று நினைத்து டேப்பைச் சுற்றினார். அளந்து முடித்தும் கைகள் இறங்கவில்லை.

"அளவு கிடக்கட்டும், தூக்குங்களேன்!" என்றாள் மனைவி.