பதினேழாவது ஓட்டை

நான் ஆசிரியர் பணியில் இருந்தது மொத்தம் மூன்று சனிக்கிழமைகள். அப்போது எனக்கு வயது பதினொன்று. என்னை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை, நானாகத்தான் விலகிக்கொண்டேன். விலகிய காரணத்தை வீட்டில் இதுவரை முழுதாகச் சொன்னதில்லை. இப்போது என் மகளின் பள்ளியில் மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஒன்றிலிருந்து ஆறு வரை ஏதோ ஒரு நிலையைப் போட்டு அனுப்புகிறார்கள். பெற்றோர் வாட்ஸாப் குழுவில் ஆன்டிகள் எல்லாம் “அப்போ யாருதான்லா ஃபர்ஸ்ட்?” என்று துடிக்கிறார்கள். நான் மட்டும் வாயைத் திறப்பதில்லை. மதிப்பெண் தயாராகும் அடுப்படியை உள்ளே போய்ப் பார்த்தவன் நான்.

அந்த நாளில் நாங்கள் பண்டமாரான் என்ற ஊரில் இருந்தோம். அம்மாவின் தங்கை, ஜெஞ்சாரோமில் வளர்ந்தவர், ஆசிரியர் பயிற்சி முடித்து நான் படித்த தமிழ்ப்பள்ளிக்கே வேலைக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். நான்காம் ஆண்டுக்கு அறிவியல் எடுத்தார். நான் ஐந்தாம் ஆண்டு. ஆகவே என்னைத் தேர்வில் காப்பாற்றும் அதிகாரம் சின்னம்மாவுக்குக் கிடையாது. ஆனால் எனக்கு ஓராண்டு கீழே இருந்த பிள்ளைகளை வதைக்கும் அதிகாரம் எனக்குக் கிடைத்தது.

அந்த அதிகாரம் வந்த கதை இதுதான். விடைத்தாளில் ஒவ்வொரு கேள்வி எண்ணுக்கும் நேராக A, B, C, D என்று நான்கு சின்ன வட்டங்கள் இருக்கும். பிள்ளைகள் சரியென்று நினைப்பதைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். நூற்றுக்கணக்கான வட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் பூத்துவிடும் என்பதால் டீச்சர்களிடம் ஒரு குறுக்கு வழி இருந்தது. எழுதாத விடைத்தாள் ஒன்றை எடுத்து, சரியான விடைக்குரிய வட்டங்களில் மட்டும் ஓட்டை போட்டுக்கொள்வார்கள். அதைப் பிள்ளையின் தாள்மேல் வைத்தால், ஓட்டை வழியே கறுப்பு தெரிந்தால் சரி. வெள்ளை தெரிந்தால் அங்கே ஒரு சிவப்புக் கோடு. ஓட்டை போட எங்கள் பள்ளியில் ஊதுபத்தியைத்தான் பயன்படுத்துவார்கள். கனலும் நுனியால் வட்டத்தைத் தொட்டால் போதும், பழுப்பு விளிம்போடு உருண்டையாக ஓட்டை விழும். எங்கள் பள்ளியில் தோற்றவர்கள்கூடச் சந்தன மணத்தோடுதான் தோற்றார்கள்.

சின்னம்மா ஒருநாள் இதைச் செய்துகொண்டிருந்தபோது நான் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. முதல் சனிக்கிழமை, விடைத்தாளோடு சேர்த்து அம்மாவின் மேசை விரிப்பிலும் நான்கு வினாக்களுக்கு விடை குறித்துவிட்டேன். இன்னொரு தப்பு நடந்தால் இந்த வேலை என் அக்காவுக்குப் போகும் என்று சின்னம்மா சொல்லிவிட்டார். அக்காவுக்கு அதில் ஆசை இருந்ததோ இல்லையோ, என்னிடமிருந்து பிடுங்குவதில் ஆசை இருந்தது. நான் சிவப்புப் பேனாவோடு உட்காரும்போதெல்லாம், “சார், மைலோ கலக்கட்டுமா சார்?” என்று கேட்டுவிட்டுக் கலக்காமல் போவாள். இரண்டாவது சனிக்கிழமை ஒரு பிழையும் இல்லாமல் முடித்தேன். தலை கொஞ்சம் கனத்தது.

அந்தக் கனத்தை இறக்கி வைத்த இடம் பள்ளி வேன். என் பக்கத்து இருக்கையில் நான்காம் ஆண்டுப் பெண் ஒருத்தி வருவாள். ஆண்டிறுதித் தேர்வு நெருங்க நெருங்க அவளுக்கு ஒரே பேச்சு. ஐந்தாம் ஆண்டின் முதல் வகுப்பு மாடியில், அறிவியல் கூடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அறிவியல் விழாவுக்கு அந்த வகுப்பை மட்டும்தான் கூட்டிப்போவார்கள். அந்த வகுப்பில் மொத்தம் முப்பத்தைந்து இடம், எல்லாம் ஆண்டிறுதி மதிப்பெண்ணைப் பார்த்துத்தான். தண்ணீரில் ஓடும் பொம்மைக் காடி ஒன்று செய்யப்போவதாகவும், அதன் சக்கரங்களுக்குப் புட்டி மூடிகளைச் சேர்த்து வைத்திருப்பதாகவும் சொன்னாள். நான் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, நான்காம் ஆண்டு அறிவியல் தாளைத் திருத்துவது யார் தெரியுமா என்று கேட்டேன். அன்றிலிருந்து அவள் எனக்கு ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தாள். நானும் வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை ஆண்டிறுதித் தாள்கள் வந்தன. இரண்டு வகுப்பு, எழுபது பிள்ளைகள். சின்னம்மா விடைப் பட்டியலைக் கொடுத்துவிட்டுத் துணி துவைக்கப் போனார். நான் ஊதுபத்தியைப் பற்றவைத்தேன். எதிரே தொலைக்காட்சியில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

அறுபது தாள் தாண்டியபிறகுதான் ஒன்று உறைத்தது. பதினேழாவது கேள்வியில் கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாம் வரிசையாகக் கோடு வாங்கியிருந்தார்கள்; எப்போதும் தடுமாறுகிறவர்கள் தப்பித்திருந்தார்கள். பட்டியலைப் பார்த்தேன். பதினேழுக்கு விடை C. என் ஓட்டை B-யில் இருந்தது.

அந்த ஒரு கேள்வியை மட்டும் மறுபடி பார்க்கப் பத்து நிமிடம் போதும். பின்கட்டில் சின்னம்மா இருந்தார். இங்கிருந்து கூப்பிட்டாலே கேட்கும். ஆனால் கூப்பிட்டால் அக்காவுக்கும் கேட்கும். நான் உட்கார்ந்து யோசித்தேன். எழுபது பேருக்கும் ஒரே ஓட்டைதானே? அளவுகோல் கோணலாக இருந்தாலும் எல்லாரையும் அதே கோணலில்தானே அளந்திருக்கிறேன்? இதில் அநியாயம் எங்கே இருக்கிறது? இந்த வாதம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மிச்சம் இருந்த தாள்களையும் அதே ஓட்டையை வைத்துத் திருத்தி முடித்தேன். பதினொரு வயதில் என்னிடம் இருந்த அறிவு முழுவதையும் அன்று இதற்கே செலவழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா, எந்தக் கேள்வியில் எத்தனை பேர் தவறினார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டிருந்தார். எல்லா டீச்சர்களும் செய்யும் வேலையில்லை அது, அவர் செய்வார். பிள்ளைகள் எதைக் கறுப்பாக்கியிருந்தார்கள் என்று பார்க்காமல் சிவப்புக் கோடுகளை மட்டும் எண்ணினார். பதினேழு வந்ததும் பேனா நின்றது.

“அம்பது பேருக்கு மேல தப்பு பண்ணியிருக்காங்கக்கா,” என்றார் அம்மாவிடம். “நல்லாத்தான் சொல்லிக்குடுத்தேன்னு நெனச்சேன். நான்தான் எங்கியோ கோட்ட விட்டிருக்கேன்.”

நான் கேள்வித்தாளைப் புரட்டுகிறவன்போல முகத்தை மறைத்துக்கொண்டேன். வெப்பம் கடத்தும் பொருள்களைப் பற்றிய அந்தப் பாடத்தை ஐஸ்கட்டியை வைத்தே மறுபடி நடத்தப்போகிறேன், குளிர்பெட்டியில் இடம் வேண்டும் என்று சின்னம்மா சொன்னார். அம்மா மீனை ஒதுக்கி இடம் பண்ணிக்கொடுத்தார். என் ஒற்றை ஓட்டையினால் வீட்டில் மீன்கூட இடம் மாறியது. நான் மட்டும் அசையவில்லை.

திங்கட்கிழமை கடைசிப் பாட வேளையில் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். விடைகளை மறுநாள் பேசலாம் என்று சின்னம்மா சொல்லிவிட்டார். வகுப்புக் கதவில் மதிப்பெண் வரிசைப்படி பெயர்ப் பட்டியலும் ஒட்டியாயிற்று. வேன் பெண்ணின் பெயர் முப்பத்தாறாவது. முப்பத்தைந்தாவது பையனுக்கும் அவளுக்கும் ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசம். அன்று மாலை அவள் வேனில் விடைத்தாளையே புரட்டிக்கொண்டிருந்தாள். நான் கண்ணை மூடித் தூங்குவதாக நடித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை, இருட்டு பிரியாத வேளையில் அவள் பாடப்புத்தகத்தை மடியில் விரித்தபடி ஏறினாள்.

“அண்ணே, நீங்கதானே திருத்துனீங்க? பதினேழு எனக்குப் புரியலண்ணே. எது கடைசியாக் கரையும்னுதானே கேட்டிருக்காங்க. துணியில சுத்துன ஐஸ்தானே? புக்குல அப்படித்தான் போட்டிருக்கு.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் சொன்னது சரி. C என்பது கம்பளித் துணியில் சுற்றிய ஐஸ், B என்பது மூடிபோட்ட எவர்சில்வர் டப்பாவில் வைத்த ஐஸ். ‘ஆமாம், நான் தப்பாக ஓட்டை போட்டுவிட்டேன்’ என்று சொல்ல அதிக நேரம் ஆகாது. தெரியாது, டீச்சரைக் கேள் என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் வேனில் இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள், நான் ஜன்னலோரத்தில் இருந்தேன்.

“நீ கம்பளி போத்திக்கிட்டா என்ன ஆவும்?” என்றேன்.

“சூடாவும்.”

“அப்ப ஐஸுக்கு மட்டும் என்னவாம்? அதுக்கும் சூடாவும்லா, கரைஞ்சிரும்.” அவள் தயங்கினாள். நான் விடவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்த இருக்கையின் எவர்சில்வர் கம்பியைக் காட்டி, “தொட்டுப் பாரு,” என்றேன். இரவெல்லாம் மழை பெய்திருந்தது. அவள் தொட்டாள்.

“சில்லுன்னு இருக்குல்ல? டப்பாவும் இப்படித்தானே இருக்கும்?”

அவள் கம்பியைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு பென்சிலை எடுத்துப் புத்தகத்தின் ஓரத்தில் எதையோ அழித்துவிட்டு, நான் சொன்னதை எழுதிக்கொண்டாள். அவள் எழுதிக்கொண்டது தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நன்றாகத்தான் விளக்கியிருக்கிறோம் என்ற எண்ணமும் கூடவே வந்தது. வெட்கமில்லாதவன் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

என் வகுப்புக்கும் அவர்கள் வகுப்புக்கும் நடுவே பலகைத் தடுப்புதான். சின்னம்மா ஐஸ்கட்டிகளை ஒரு எவர்சில்வர் டப்பாவிலும் ஒரு கம்பளித் துண்டிலும் வைத்துவிட்டு வேறு பாடத்தைத் தொடர்ந்தது எனக்குக் கேட்டது. அரை மணி கழித்து, திறக்குமுன், எது மிச்சமிருக்கும் என்று யாராவது காரணத்தோடு சொல்லுங்கள் என்றார். ஒரு குரல் மட்டும் எழுந்தது. கம்பளி, போர்வை, கம்பியின் குளிர் என்று நான் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் சொன்னது.

பிறகு டப்பாவைத் திறந்தார்கள். தண்ணீர். துண்டைப் பிரித்தார்கள், ஐஸ் இருந்தது. சிரிப்பும் கூச்சலும் கிளம்பின. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு பையன், “டீச்சர், நான் துணின்னுதானே போட்டேன், எனக்கு ஏன் தப்பு?” என்றான். எனக்கும், எனக்கும் என்று குரல்கள் வந்தன. அப்புறம் காகிதம் புரளும் ஓசை. சின்னம்மா எதையோ எதன்மேலோ வைத்துப் பார்க்கிறார் என்பது தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குத் தெரிந்தது.

“மன்னிச்சிருங்க பிள்ளைங்களா. டீச்சர்தான் தப்பாத் திருத்திட்டேன்.”

டீச்சர் என்றுதான் சொன்னார். நான் என் பென்சிலைச் சீவினேன். ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது. சற்றுப் பொறுத்து சின்னம்மாவின் குரல் தணிந்து வந்தது.

“நீ சரியாத்தானேம்மா போட்டிருக்க. அப்புறம் ஏன் இப்ப மாத்திச் சொன்ன?”

என் பெயர் இப்போது பலகையைத் துளைத்துக்கொண்டு வரும்.

“யோசிச்சுப் பாத்தேன் டீச்சர், அப்படித்தான்னு தோணுச்சு,” என்றாள் அவள்.

அன்றே பட்டியல் மாறியது. அவள் முப்பத்தைந்துக்குள் வந்தாள். B-யைக் கறுப்பாக்கி ஒருநாள் மட்டும் முதல் வகுப்பில் இருந்த அந்த முப்பத்தைந்தாவது பையன் வெளியே போனான். அவன் முகம் எனக்கு இன்று நினைவில்லை; அப்போதும் நான் பார்த்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சின்னம்மா ஓட்டைத் தாளை மேசையில் வைத்தார். எப்படி நடந்தது என்று கேட்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அதற்கு விடைப் பட்டியலின் கையெழுத்தைக் குறை சொல்லிப் பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

“எப்பத் தெரியும் உனக்கு?” என்றார்.

“இன்னிக்குத்தான் சின்னம்மா.”

சரி என்று தாளை மடித்து வைத்துவிட்டார். அக்காவிடமும் சொல்லவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன். அடுத்த ஆண்டின் முதல் சோதனைத் தாள்கள் வந்தபோது, எனக்கென்று நாற்காலியை இழுத்துப்போட்டுவிட்டு அழைத்தார். வயிற்றுவலி என்றேன். மறுமுறையும் வயிற்றுவலி. அதற்குப்பின் அவர் அழைக்கவில்லை.

ஆனால் புதன்கிழமை காலை வேனில் நடந்ததைச் சொன்னால்தான் இது முடியும். அவள் ஏறி உட்கார்ந்தாள். எனக்கு ஜன்னலோரத்தை விட்டிருந்தாள். மதிப்பெண்ணைப் பற்றியோ, யார் திருத்தியது என்பதைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கம்பியைத் தொட்டாள், கையை எடுத்துத் தன் சட்டைத் துணியைத் தொட்டாள், மறுபடி கம்பியைத் தொட்டாள். பிறகு வேன் முழுக்கக் கேட்கும்படி, “அண்ணே, இது சில்லுன்னுதானே இருக்கு? அப்புறம் ஏன் டப்பாவுல இருந்தது மொதல்ல கரைஞ்சுச்சு?” என்று கேட்டாள்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். எல்லார் முன்னிலையிலும் என் மானத்தை வாங்க இவள் எவ்வளவு நேர்த்தியாக வழி கண்டுபிடித்திருக்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாந்தி வருகிறது என்று வேன் ஓட்டும் அங்கிளிடம் சொல்லி அவர் பக்கத்து முன்னிருக்கைக்கு மாறிக்கொண்டேன். பள்ளி விடுமுறை விடும்வரை அங்கேதான் உட்கார்ந்து போனேன். மறு ஆண்டு அவள் மாடி வகுப்புக்குப் போனாள், நான் ஆறாம் ஆண்டுக்குப் போனேன், அப்போதும் முன்னிருக்கைதான். அந்தக் கேலியைப் பல வருடம் மனத்தில் வைத்துப் பொருமியிருக்கிறேன்.

இடமும் கிடைத்து, மதிப்பெண்ணும் கிடைத்து, எல்லாரும் பதினேழாம் கேள்வியை மறந்துவிட்ட பிறகு, அதற்கு விடை தெரியவேண்டும் என்பதற்காக மட்டுமே அவள் அதை என்னிடம் கேட்டாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.