மூன்றாம் குப்பியும் ஐந்தாம் குப்பியும்

2024 செப்டம்பர் 12, வியாழக்கிழமை. காலை 5.20-க்கு எழுந்தேன். தண்ணீர் பிடித்து வைத்தேன். புளிச்சாதம் கட்டிக்கொண்டு விருதுநகரில் 7.40 பேருந்தைப் பிடித்தேன். சீசன் நேரம், ஆமத்தூரில் பட்டாசு கம்பெனிக்குப் போகும் பெண்கள் ஏறியதும் கம்பியைப் பிடிக்கக்கூட இடமில்லை. 8.25-க்குக் கல்லூரி ஆய்வகத்தைத் திறந்து, அறையின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் குறித்தேன்.

இதுவரை என் நாட்குறிப்பில் உள்ளபடி. அன்றைய பக்கத்தில் இதற்குக் கீழே வெறும் கோடுதான் இருக்கிறது. மிச்சத்தை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

நான் நிலவியல் ஆசிரியை. சிப்பியும் பவளமும் தங்கள் ஓட்டைக் கட்டும்போது அந்த நேரத்துக் கடல்நீரின் சூட்டையும் அதற்குள் பதித்துவிடுகின்றன. ஓட்டைப் பொடித்து அமிலம் சொட்டினால் வாயு வரும். அந்த வாயுவில் கனமான ஆக்சிஜன் எவ்வளவு, லேசான ஆக்சிஜன் எவ்வளவு என்பதை ஐசோடோப்பு எந்திரம் அளந்து சொல்லும்; கார்பனுக்கும் அப்படியே. சிக்கல் என்னவென்றால், ஒரே பொடிக்கு இரண்டு ஊர் எந்திரங்கள் ஒரே எண்ணைச் சொல்வதில்லை. ஓரிடத்தில் அமிலம் ஈரம் குடித்திருக்கும், இன்னோரிடத்தில் சூடு பிசகியிருக்கும். அதனால் நான்கு ஆய்வகங்கள் ஒரே பொடியை அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பதென்று முடிவானது. பொடி தயாரித்து அனுப்பும் பொறுப்பு எனக்கு.

ஆய்வகத்துக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஆறு குப்பி. இரண்டாவதிலும் ஐந்தாவதிலும் சிப்பிப் பொடி, மற்ற நான்கிலும் பவளப் பொடி. முடிவுகள் வரும்வரை இந்தப் பட்டியல் என்னிடம் மட்டுமே இருந்தது. எங்கள் பெட்டியின் குப்பி எண்களை மட்டும் உதவியாளர் அக்கா தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்தார்; நானும் தெரியாமல்தான் அளந்தேன். எல்லோரும் முடிவைக் கொடுத்து முடிக்கும்வரை யாரும் யாரிடமும் அளந்த எண்ணைச் சொல்லக் கூடாது. இருந்த ஒரே விதி அதுதான்.

அந்த விதியை நான் ஜூலையில் மீறினேன். அப்போது நான் அளந்து முடித்திருந்தேன்; எது எந்தக் குப்பி என்று அக்காவும் சொல்லியிருந்தார். நான்கில் ஓர் ஆய்வகம் என் தோழியுடையது. சிவகாசிக்காரி, காலண்டர் அச்சடிக்கும் குடும்பம். முனைவர் பட்டத்துக்கு நான்கு வருடம் ஒரே அறையில் தங்கிப் படித்தோம். போனில், எந்திரத்தின் பம்ப் மக்கர் செய்கிறது, தன் எண்கள் சரியான வழியில்தான் போகின்றனவா என்று தெரிந்தால் போதும் என்றாள். ஆறு குப்பிக்கும் எதில் எது, என்ன எண் என்று வாசித்துக் காட்டினேன். நாட்குறிப்பில் "தோழியுடன் பேசினேன், 14 நிமிடம்" என்று மட்டும் எழுதினேன். என்ன பேசினேன் என்று எழுதவில்லை.

ஆகஸ்டில் நான்கு பேரின் எண்களும் ஒரே அட்டவணைக்கு வந்தன. பெரிய ஆய்வகங்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒத்திருந்தன. கார்பனில் நானும் அவர்களோடு இருந்தேன்; ஆக்சிஜனில் விலகி நின்றேன். பெரிய இடத்தில் கழித்துக்கட்டிய எந்திரம் எங்களுடையது. அட்டவணையில் எங்கள் எண்கள் இருந்த நிரலை நீக்கிவிடலாமா என்று ஒருவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார். ஆனால் தோழியின் எண்கள் என் எண்களுக்கு அருகில் இருந்தன. இரண்டுக்கு இரண்டு. நீக்கும் பேச்சு அடங்கியது. அந்த மகிழ்ச்சியில் சாத்தூரிலிருந்து காராச்சேவு வாங்கி அவளுக்குப் பார்சல் அனுப்பினேன். அறிக்கையை எழுதி அனுப்ப எனக்கிருந்த கெடு, செப்டம்பர் 13 மாலை.

12-ஆம் தேதி பதினோரு மணிக்கு அவளிடமிருந்து மிச்சப் பொடி திரும்பி வந்தது. அக்கா பெட்டியைப் பிரித்துக் குப்பிகளை வரிசையாக நிறுத்தினார். இங்கே வருவதற்கு முன் பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் பல வருடம் இருந்தவர்.

"டீச்சர், மூணும் அஞ்சும் மாறிக் கெடக்கு."

"எப்படிச் சொல்றீங்க?"

"இந்தா, மூணு பழுப்பு தட்டுது. அஞ்சு சுண்ணாம்பு கணக்கா இருக்கு. உங்க பட்டியல்ல அஞ்சுதான சிப்பி?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். எனக்கு இரண்டும் வெள்ளையாகத்தான் தெரிந்தன. கறுப்புத் தாளில் ஒவ்வொரு துளி கொட்டிப் பார்த்த பிறகே வித்தியாசம் தெரிந்தது.

"எண்ணை எங்கன எழுதினீக?"

"மூடியில."

"ஓவன்ல காய வைக்கையில மூடிய கழட்டினீகளா?"

கையிலிருந்த குப்பியின் மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன்.

"அதான். டப்பா ஒடம்புலல்லா எழுதணும். மருந்து ரூம்புல இந்த வேலைய பாத்திருந்தீகன்னா மறுநாளு பேப்பர்ல உங்க போட்டோ வந்திருக்கும்," என்று சிரித்தபடி தேநீர் போடப் போனார்.

குப்பி குப்பியாக எடை போட்டவள் நான். காய்ந்த பிறகு இரண்டு மூடிகளை மாற்றிப் போட்டிருக்கிறேன். மற்ற இரண்டு ஆய்வகங்களின் எண்கள் பட்டியலோடு பொருந்தியிருந்தன; அப்படியென்றால் தவறு இந்த ஒரு பெட்டியில் மட்டும்தான். வெட்கமாக இருந்தது. தோழியின் மூன்றாம் எண்ணையும் ஐந்தாம் எண்ணையும் இடம் மாற்றித் திருத்த அட்டவணையைத் திறந்தேன்.

அங்கே திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. மூன்றுக்கு நேரே பவளத்தின் எண். ஐந்துக்கு நேரே சிப்பியின் எண். என் பட்டியல் சொன்னபடியே. குப்பிக்குள் இருந்தபடி அல்ல.

ஒருவேளை மூடிகள் அவளிடத்தில் மாறியிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விரும்பினேன். மாலை 4.10-க்கு அழைத்தேன்.

"ஏட்டி, சேவு தீந்துபோச்சு. அடுத்த பார்சல் எப்ப?"

"அனுப்புறேன். ஒன்னு கேக்கணும். பொடி எடுக்கும்போது குப்பி மூடி மாறிப்போச்சா? மூணும் அஞ்சும்?"

"யாரப் பாத்து கேக்க? ஒன்னத் தெறப்பேன், எடுப்பேன், மூடுவேன். பொறவுதான் அடுத்தது. நீ சொல்லித் தந்த பாடம்தானடி."

"நிச்சயமா?"

"எங்க அம்மா மேல சத்தியம்."

"அப்படின்னா மூணுல சிப்பி இருந்திருக்கு. அனுப்பும்போதே நான் மாத்திட்டேன். நீ பவளம்னு எண் குடுத்திருக்க."

மறுமுனையில் யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அவள்தான் சாத்தியிருப்பாள்.

"பம்ப் நின்னே போச்சுடி," என்றாள். "முதல் ரெண்டு குப்பிதான் ஓடுச்சு. அதுவும் சரியா வரல. இங்க ரிசல்ட் எங்க, ரிசல்ட் எங்கன்னு உசிர எடுத்தாக. உன் நம்பர்ல அங்கங்க கடைசி இலக்கத்த மட்டும் கூட்டிக் கொறச்சேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ ஒத்துக்குவியா? உன் நம்பர் தப்பா இருக்காதுன்னு நம்பித்தான போட்டேன். ஒருவகையில உனக்கும் நல்லதுதான. உன் நிரல எடுக்கச் சொன்னாகள்ல, நின்னுச்சா இல்லியா?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அதிகம் சுட்டது. ஒரு மாதமாக என்னோடு ஒருத்தி நிற்கிறாள் என்று நினைத்திருந்தேன். நின்றது நானேதான், இரண்டு முறை. அவள் நிரலை எடுத்தால் நான் தனி. எங்கள் எந்திரத்தை யாரும் நம்ப வேண்டியதில்லை. விட்டுவைத்தால் யாருக்கும் தெரியாது. குப்பிகள் இனி எங்கள் அலமாரியில்தான் இருக்கும்.

"மூடி மாறினது உனக்கும் எனக்கும்தான தெரியும்," என்றாள், ரொம்ப மெதுவாக. "விட்டுரு."

அக்காவுக்கும் தெரியும் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லாமல் போனை வைத்தேன். திரும்பும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது; வீடு வரும்வரை அவளுடைய ஆறு எண்களையும் என்னுடைய ஆறு எண்களையும் மனதுக்குள் கழித்துக் கழித்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லாவற்றிலும் கடைசி இலக்கம் மட்டுமே மிஞ்சியது. உண்மையான அளவீடு அத்தனை ஒழுங்காக வராது. ஆகஸ்டிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேறு யாருடைய நிரலாக இருந்தாலும் தெரிந்திருக்கும்.

13-ஆம் தேதி 5.20-க்கு எழுந்தேன். குழாயைத் திறக்கும் முன்பே உட்கார்ந்து மற்ற மூன்று ஆய்வகங்களுக்கும் கடிதம் அனுப்பினேன். முதல் வரியில், ஜூலையில் என் எண்களைத் தொலைபேசியில் சொன்னது நான் என்று எழுதினேன். இரண்டாவதில், குப்பிகளின் மூடிகளை மாற்றிப் போட்டதும் நான் என்று. மூன்றாவது வரியில் அவளுடைய நிரலை நீக்கினேன்.